முகம் என்ன நறுக்கிய ஆப்பிளா?

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு துணிக்கடை வாசலில் மேசை போட்டு இரண்டு பெண்பிள்ளைகள் சீரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஆப்பிளை இரண்டாக நறுக்கினாள். ஒரு பாதியில் நாலு சொட்டு விட்டுத் தடவினாள், மறு பாதியைச் சும்மா வைத்தாள். நான் புடவை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சும்மா வைத்த பாதி பழுப்பேறிக் கிடந்தது. "பாத்தீங்களா ஆன்ட்டி, உங்க ஸ்கின்னும் உள்ளுக்குள்ள இப்படித்தான் ஆயிட்டிருக்கு" என்று பழத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆன்ட்டி என்றதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஆப்பிளை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பழமும் என்னை விடவில்லை. பியூட்டி பார்லரில், கைபேசியில் வரும் அரை நிமிடக் காணொளியில், தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்த மேக்கப் பெண்ணின் வாயில், எங்கும் அதே பாட்டு: தோல் துருப்பிடிக்கிறது, வைட்டமின் சி அந்தத் துருவைத் தடுக்கிறது, ஆகவே வயது நின்றுவிடுகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புளிப்புக்கும் அதே வைட்டமின்தான் காரணமோ என்னவோ.

ஆப்பிள் ஏன் கறுக்கிறது என்று முதலில் பார்ப்போம். கத்தி பட்டதும் செல்கள் கிழிகின்றன. அதுவரை தனித்தனியாக இருந்த ஃபீனால்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்கிற நொதியும் கலக்கின்றன. காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, பழுப்பு நிறமி உண்டாகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் எதற்கு? வாழைப்பூ ஆய்ந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். பக்கத்தில் மோர் கரைத்த தண்ணீர் இல்லாமல் யாராவது ஆயத் தொடங்குவார்களா? மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடும், பூ கறுக்காது. எங்கள் அம்மா நாற்பது வருடம் வாழைப்பூவை மோரில் போட்டாள். அந்தப் பாத்திரத்தில் அளைந்த விரல்கள் பதினாறு வயதிலேயே நின்றுவிடவில்லை. யாருக்கும் வருகிற சுருக்கம் அம்மாவின் விரல்களுக்கும் வந்தது.

இன்னொன்றை அந்தப் பெண் சொல்லாமலே விட்டாள். நறுக்காத ஆப்பிளை ஒரு வாரம் மேசைமேல் வைத்தாலும் கறுக்காது. அதற்குத்தான் தோல் இருக்கிறதே! தோலைத் திறந்து சதையைக் காற்றில் காட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் அவள் செய்துகாட்டினாள். முகத்தில் தோலோடு நடமாடுகிறவர்களுக்கு அதில் சேதி ஒன்றும் இல்லை.

அந்தத் தோல் ஒரு மதில். வெளியே இருப்பதை லேசில் உள்ளே விடாது, வைட்டமின் சியையும்தான். இந்த இடத்தில் எதிர்த்தரப்பார் தங்கள் குலதெய்வத்தைக் கொண்டுவருவார்கள்: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல். மனிதர் கெட்டிக்காரர்தான். அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்கவேண்டுமானால் கரைசலின் பிஎச் 3.5க்குக் கீழே இருக்கவேண்டும், செறிவு 20 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் பலன் இல்லை என்று 2001இல் காட்டினார். மெக்னீசியம் அஸ்கார்பில் ஃபாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் தோலில் வைட்டமின் சியின் அளவைக் கூட்டவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. கடையில் 'எரிச்சல் தராத வைட்டமின் சி' என்று விற்பதில் பாதி இந்த மாற்று வடிவங்கள்தாம். குலதெய்வத்தின் இந்த வாக்கை மட்டும் பக்தர்கள் காதில் வாங்குவதில்லை.

2005இல் 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் வைட்டமின் ஈ, அரை சதவீதம் ஃபெருலிக் அமிலம் என்று ஒரு கூட்டு வந்தது. சியும் ஈயும் மட்டும் இருந்தபோது நாலு மடங்காக இருந்த வெயில் பாதுகாப்பு, ஃபெருலிக் சேர்ந்ததும் எட்டு மடங்கானது என்றார்கள். எட்டு மடங்கு! யார் தோலில் என்று கேட்டால் பன்றித் தோலில். பன்றிகளுக்கு என் வாழ்த்துகள். வைட்டமின் சி பூசி மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் உண்டு, ஒளிக்கவில்லை. 1999இல் 19 பேர், 2002இல் 10 பேர், 2003இல் 20 பேர். சுருக்கம் கொஞ்சம் குறைந்தது என்றுதான் மூன்றும் சொல்கின்றன. மூன்றையும் கூட்டினால் ஒரு டவுன் பஸ் நிறையும். அந்த ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு உலகத்துக்கே டிக்கெட் கிழிக்கிறார்கள்.

சரி, உண்மையாகவே நல்ல சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரில் கரைந்த அஸ்கார்பிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். நானும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு புட்டி வாங்கினேன் (ஆராய்ச்சிக்காக என்று எழுத ஆசைதான், ஆசைக்காகத்தான் வாங்கினேன்). பங்குனியில் வாங்கியது, வைகாசியில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. என் முகம் துருப்பிடிக்காமல் காக்க வந்தது, அலமாரிக்குள்ளேயே துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. ஆப்பிளின் அந்த மறு பாதி ஞாபகம் வந்தது.

கொலாஜன் உண்டாக வைட்டமின் சி வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். அது இல்லாமல்தான் கப்பல்காரர்களுக்கு ஈறு அழுகி ஸ்கர்வி வந்தது. அதற்கு ஒரு கொய்யாப்பழம் போதும், ரத்தமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு ஒரு வரி: கொப்புளம் வந்து கருந்தழும்பு தங்கலாம், செய்யாதீர்கள்.

இனி அந்தத் 'துரு'. உடம்பில் உருவாகிச் செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல் என்கிற மூலக்கூறுகளால்தான் முதுமை வருகிறது என்று டென்ஹம் ஹார்மன் 1956இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதைச் சாக்காக வைத்து, அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதிய எதுவும் விலைபோகிறது, பிஸ்கட் உட்பட. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. துருவை எடுக்கப்போய்த் தூணையே அரித்த கதை.

அது நுரையீரல், நாம் பேசுவது தோலைப் பற்றி என்பார்கள். தோலுக்கே வருகிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்று ஓர் ஊர். வெயிலுக்குப் பேர்போன பிரதேசம். 1992இல் அங்கே ஒரு சோதனை தொடங்கியது. அதில் தோல் முதுமையைக் கணக்கிட எடுத்துக்கொண்டவர்கள் 55 வயதுக்குட்பட்ட 903 பேர். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். ஒரு சாரார் தினமும் காலையில் முகம், கழுத்து, கை எல்லாம் சன்ஸ்கிரீன் பூசவேண்டும். மறு சாரார் தோன்றினால் பூசலாம், தோன்றாவிட்டால் விடலாம். இதே ஆட்களை இன்னொரு வகையிலும் பிரித்து, சிலருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு அதே போன்ற வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஆக, ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரே ஆட்களிடம் சன்ஸ்கிரீனுக்கும் ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் நேருக்கு நேர் பரீட்சை. அளந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'முகம் பளிச்சென்று இருக்கிறதா' என்று யாரையும் கேட்கவில்லை. புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்து, அதில் பதிந்த கோடுகளைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். நாலரை வருடம் கழித்து மறுபடி அச்சு எடுத்துப் பார்த்தபோது, தினமும் பூசியவர்கள் கையில் முதுமை கூடியதாகவே தெரியவில்லை. இஷ்டப்படி பூசியவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. பீட்டா கரோட்டின்? மொத்தத்தில் ஒரு பலனும் இல்லை. முடிவு 2013இல் வெளியானது. அதன்பிறகும் ஆப்பிள் நறுக்குவதை யாரும் நிறுத்தவில்லை.

'விழுங்கும் பீட்டா கரோட்டினும் பூசும் வைட்டமின் சியும் ஒன்றா?' என்று இப்போது கேட்பார்கள். கேட்கட்டும். ஃப்ரீ ராடிக்கல் என்கிற ஒரே கதையைச் சொல்லித்தானே இரண்டையும் விற்றார்கள்? விற்கும்போது ஒரே குடும்பம், பரீட்சையில் தோற்றதும் பங்காளிச் சண்டையா?

வெயில் என்ன செய்யும் என்பதற்கு 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் ஒன்றே போதும். 28 வருடம் வண்டி ஓட்டிய அமெரிக்க லாரி ஓட்டுநர், வயது 69. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தொங்கிச் சுருங்கி, வலது கன்னத்தைவிடப் பல வருடம் மூத்த கன்னமாகத் தெரியும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு வகையைத் தடுத்துவிடும், யுவிஏ வகையை உள்ளே விட்டுவிடும். நம் ஊர் பஸ் ஓட்டுநர்களுக்கு வலது கன்னம். அடுத்த முறை ஏறும்போது பாருங்கள்.

கடைசியாக, சீரம் புட்டியின் அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள். காலையில் சீரம் போட்டால் மேலே சன்ஸ்கிரீன் பூசவும் என்று இருக்கும். பூசியவள் முகம் நன்றாக இருந்தால் பெயர் சீரத்துக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நாம்பூரில் பூசக் கொடுத்தது எஸ்பிஎஃப் 15 வகை சன்ஸ்கிரீன். அதைவிட வீரியமானது இன்று எங்கள் தெரு மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. டிகாக்‌ஷனாகிப் போன அந்தப் புட்டிக்குக் கொடுத்த பணத்தில் மூன்று டியூப் வாங்கியிருப்பேன், மிச்சத்துக்கு ஒரு கிலோ கொய்யாவும்.