வேரை மறைக்காத வீரர்



"உங்கள் ஊர் எது?" என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலர் அருகிலுள்ள பெரிய நகரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். சிற்றூரின் பெயரையும், வீட்டுப் பேச்சின் சாயலையும், முன்னோர் செய்த தொழிலையும் மெல்ல மறைத்துக்கொள்ளுகிறோம். வேரை மறைப்பதே முன்னேற்றம் என்று நம் பிள்ளைகளும் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்ளுகிறார்கள். இது தவறான பாடம் என்பது என் உறுதியான எண்ணம். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர் கேரி பிரைஸ் அவர்களின் வாழ்வைச் சான்றாக வைத்து இதைக் குறித்து இந்த வாரம் சிந்திப்போம்.

1987இல் பிறந்த பிரைஸ், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உட்பகுதியிலுள்ள அனாஹிம் லேக் என்ற சிற்றூரில் வளர்ந்தார். அவருடைய தாயார் லிண்டா, உல்காச்சோ என்னும் பூர்வகுடிச் சமூகத்தின் தலைவராகப் பணியாற்றியவர். தந்தை ஜெரியும் இலக்குக் காவலரே. 1978இல் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் தேசிய ஹாக்கி லீகின் ஓர் ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. தமக்குக் கிட்டாததை எண்ணி அவர் சோர்ந்திருக்கவில்லை. குளிரில் உறைந்த ஓடையின்மேல் மகனுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். மகன் சேர்ந்து விளையாடத்தக்க அணி, 300 கிலோமீட்டருக்கும் அப்பால் வில்லியம்ஸ் லேக் நகரத்தில்தான் இருந்தது. ஆகவே ஒரு சிறு விமானத்தை வாங்கி, தாமே அதை ஓட்டி, மகனைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. 2005இல் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி பிரைஸை ஐந்தாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் கனடா தங்கம் வென்றபோது, அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் ஒரு கோலையும் விட்டுக்கொடுக்கவில்லை. 361 வெற்றிகளோடு அந்தப் பழம்பெரும் அணியின் இலக்குக் காவலர் அனைவரையும் அவர் முந்தினார். தாழ்வுகளையும் அவர் கண்டார். 2021இல் ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றுவரை சென்றும் அவருடைய அணி தோற்றது. அதன்பின் முழங்கால் காயம் அவரை வாட்டியது. தமக்கு உதவி தேவை என்பதை மறைக்காமல், வீரர்களுக்கான உதவித் திட்டத்திலும் அவர் சேர்ந்தார். 2022க்குப் பின் அவர் களமிறங்கவில்லை.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தில் நிலைத்திருப்பது ஒரு மேடைப்பேச்சு. 2015 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த விருது விழாவில், லீகின் மிகச் சிறந்த வீரருக்குரிய ஹார்ட் விருது உட்பட நான்கு விருதுகள் பிரைஸை வந்தடைந்தன. அந்த ஒளிமிகுந்த மேடையில் நின்று, அவர் தம் தாய்வழி முன்னோரின் கேரியர் மொழியில் பேசினார். பிறகு பூர்வகுடி இளைஞரை நோக்கி, தங்கள் மரபைக் குறித்துப் பெருமிதம் கொள்ளும்படியும், நடக்காது என்று பிறர் கருதுவதைக் கண்டு தளராதிருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

அச்சொற்களின் எடையை உணர வேண்டுமானால், அதே மாதத் தொடக்கத்தில் நடந்த மற்றொன்றையும் அறிய வேண்டும். கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையின் சுருக்கத்தை அப்போதுதான் வெளியிட்டிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, 1,50,000க்கும் அதிகமான பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டார்கள். அத்தகைய பள்ளி ஒன்று, பிரைஸ் விளையாடக் கற்ற அதே வில்லியம்ஸ் லேக் அருகே 1981 வரை இயங்கியது. பிரியமானவர்களே, அப்பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது அரசு. அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகள். கத்தோலிக்க சபை மட்டுமன்று, ஆங்கிலிக்கன் சபையும் பிரஸ்பிடேரியன் சபையும் ஐக்கிய சபையும் அதில் பங்கேற்றன.

இதை நாம் கடந்துபோகலாகாது. நம் ஆண்டவர் தம் ஊரின் பெயராலேயே அறியப்பட்டார். இகழ்ச்சியோடு பேசப்பட்ட அந்த நாசரேத்தின் பெயர், சிலுவையின் மேலிருந்த பலகையிலும் எழுதப்பட்டிருந்தது. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டார்கள். யாரும் தன் மொழியை விட்டு வரும்படி கேட்கப்படவில்லை. இதை அறிந்த திருச்சபையே, பிள்ளைகள் தங்கள் தாயின் மொழியைக் குறித்து வெட்கப்படச் செய்தது. ஆகவே ஒரு பிள்ளையின் ஊரையும் மொழியையும் மதிக்கும் கடமை, மற்ற எவரையும்விட நமக்கே அதிகம்.

பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரைஸும் போனார்; வெகு தொலைவிலுள்ள மாநகரத்தின் அணிக்காகவே தம் தேசிய ஹாக்கி லீக் ஆட்டக் காலம் முழுவதையும் செலவிட்டார். தந்தையின் விமானம் அவரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது. அதே விமானம் அவரை வீட்டுக்கும் திரும்பக் கொண்டுவந்தது. நம் பிள்ளைகளுக்குப் போகும் வழியைக் காட்ட நாம் மிகவும் பாடுபடுகிறோம். திரும்பும் வழியையும் காட்டுகிறோமா?

இந்த வாரம் உங்கள் பிள்ளைகளோடு சற்று நேரம் அமருங்கள். தாத்தாவின் ஊர்ப் பெயரையும், பாட்டி செய்த வேலையையும், அவர்கள் பேச்சில் வழங்கிய சொற்களையும் தயக்கமின்றிச் சொல்லுங்கள். நாளை அவர்களுக்கும் ஒரு மேடை கிடைக்கலாம். அப்போது அவர்கள் தங்கள் ஊரின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல ஆண்டவர் கிருபை செய்வாராக.