லொறியை விற்று ரோட்ஸ்டரா?



கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை என்னிடம் படித்த தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். யாரென்று தேட வேண்டாம். இந்த நிலைமையில் நம் பக்கத்தில் நாலு பேராவது இருக்கிறார்கள். அவனிடம் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. 1989இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வந்த முதல் மொடல். லைட் போட்டால் பொனட்டிலிருந்து இரண்டு கண் எழும்புமே, அதுதான். பெரகல சந்தியில் அது நின்றால் ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் பஸ்ஸையும் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"இத வித்துட்டுப் புது மொடல் எடுக்கலாமா சேர்?" என்று கேட்டான்.

காசு எங்கே என்றேன். பழையதை விற்றால் கொஞ்சம் வரும். கொஞ்சம் லீசிங். மிச்சத்தைச் சொல்லத் தயங்கினான். கல்யாணம் பேசியிருக்கிறார்கள், பெண் வீட்டார் "ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்". பெண்ணின் வாப்பா வெலிமடைப் பக்கம் மரக்கறி ஏற்றுகிறவர். அவரிடம் இருப்பது ஒரேயொரு லொறி. அதை விற்கப் போகிறார்.

ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் லொறியை விற்று, இரண்டே சீட் உள்ள கார். உம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போனால் மனைவி வீட்டில் இருக்க வேண்டும்.

இதை அவனாக யோசித்திருக்க மாட்டான். அவன் கார் படத்துக்குக் கீழே நம்மவர்கள் எழுதியதை நான் பார்த்தேன். "இன்னும் இந்தத் தகரமா மச்சான்?" "இம்போர்ட் திறந்தாச்சு, இனிப் பழசுக்கு விலை இல்ல, இப்பவே தள்ளு." இப்படி எழுதியவர்களில் ஒருவர்கூட லீசிங் கட்டணத்தில் ஒரு மாதம் கட்டித் தரப்போவதில்லை.

சரி, காரையே பேசுவோம். முதல் மொடலில் 1.6 லீட்டர் இஞ்சின், 120 குதிரை வலு. ஒரு டன்னை விடப் பாரம் குறைவு. 2015இல் வந்த நான்காவது தலைமுறை ஜப்பானில் 1.5 லீட்டர் இஞ்சினோடு, 131 குதிரை வலுவோடு விற்பனைக்கு வந்தது. பாரமும் கிட்டத்தட்ட அதே ஒரு டன்தான். கால் நூற்றாண்டு கழித்து அந்தக் கம்பனியே சேர்த்தது பதினொரு குதிரை! ஏனென்றால் அது ஆரம்பத்திலிருந்தே வேகத்துக்காகச் செய்த கார் அல்ல, பாரம் இல்லாமல் வளைவில் இலகுவாகத் திரும்பச் செய்த கார். அந்தச் சுகம் உன் வாசலிலேயே நிற்கிறது தம்பி.

"புதுசு பாதுகாப்பானது" என்பதுதான் அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பழையதில் ஏபிஎஸ் இல்லை, எயார் பேக் இல்லை, வழுக்கினால் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பின் சில்லு இழுக்கும் வண்டி வேறு. மழையில் வளைவில் அவசரப்பட்டு அக்ஸிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். புதியதில் இதெல்லாம் கூடியவரை தடுக்கப்படும். ஆனால் பாதுகாப்புத்தான் காரணம் என்றால் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? எயார் பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள நாலு கதவுச் சின்னக் கார் ஒன்று, அதைவிடக் குறைந்த காசுக்குக் கிடைக்கும். அதை எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பதில் இருந்தது.

நம் ரோட்டை நாம்தான் பேச வேண்டும். பெரகலயிலிருந்து ஒரு பாதை அப்புத்தளைக்கு ஏறுகிறது, மற்ற இரண்டும் இறங்குகின்றன: ஒன்று ஹல்துமுல்லைக்கு, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு. பின்னேரம் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லொறியின் சிவப்பு லைட்டே தெரியாது. வளைவுக்கு அந்தப்பக்கம் கொழுந்துச் சாக்கோடு அக்கா ஒருவர் நடந்து வருவார். மாடு நிற்கும். ஸ்கூல் பிள்ளை நிற்கும்.

தரம் 10 பிள்ளைகளுக்கு இயக்கசக்தி படிப்பிக்கும்போது நான் இந்த ரோட்டைத்தான் கரும்பலகையில் கீறுவேன். வேகம் 40இலிருந்து 60 ஆனால் ஒன்றரை மடங்கு. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு. அது முழுக்கச் சூடாக மாறும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழி வரும். குமிழி அமுங்கும், பெடல் கீழே போய் ஒட்டும், கார் நிற்காது. கியரைக் குறைத்து இறங்கச் சொல்லி நம் பெரிய லொறி ட்ரைவர்மார் சொல்வது இதனால்தான். அவர்கள் இயக்கசக்தி படித்தவர்கள் இல்லை, ஆனால் விளங்கியவர்கள். 2025 செப்டம்பரில் பக்கத்து எல்ல - வெல்லவாய ரோட்டில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மௌத்தானதை இன்னும் ஒருவரும் மறக்கவில்லை.

தியத்தலாவையையும் மறக்கவில்லை. 2024 ஏப்ரல் 21, ஃபொக்ஸ் ஹில் ரேஸ். ஒரு கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் போனார்கள். அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. என் வகுப்புப் பையன்கள் சிலரும் அன்று அங்கே நின்றார்கள். அடுத்த நாள் அவர்கள் முகத்தை நான் பார்த்தேன். அது ரேஸுக்கென்றே ஒதுக்கிய இடம், ஓட்டியவர்கள் பழகியவர்கள். அங்கேயே அப்படி என்றால், இரவு பத்து மணிக்கு அப்புத்தளை ஏற்றத்தில் வீடியோ எடுத்துக்கொண்டு ஓட்டுவதை என்னவென்று சொல்வது? புதுக் கார் வந்தால் முதல் மாதம் அந்த வீடியோதான் வரும். நான் ஆசிரியன், என் பிள்ளைகளின் போனில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

இனிக் காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. திறந்தது என்றவுடன் மலிந்தது என்று நினைக்கிறார்கள். இஞ்சின் கொள்ளளவைப் பார்த்து, ஒரு சீசீக்கு இவ்வளவு என்று உற்பத்தி வரி. விலை ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி. எல்லாவற்றுக்கும் மேலே 18 வீதம் வற். பல கார்களுக்கு, கப்பலில் வந்து இறங்கிய விலையை விட வரி கூட. லீசிங்கில் எடுத்தால் காருக்கு மட்டுமல்ல, அந்த வரிக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறாய். வட்டி ஹராம் என்று பயான் கேட்டுவிட்டு வெளியே வந்து லீசிங் பேசும் நம் ஜமாஅத்துக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கைக்கூலி என்ற சொல்லை இப்போது ஒருவரும் பாவிப்பதில்லை. "அன்பளிப்பு", "அவங்களா விரும்பித் தாறாங்க". மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண். பெண்ணின் வாப்பா லொறியை விற்றுவிட்டு நாளைக்கு வேறொருவரின் லொறியில் கூலிக்கு ஏறும்போது, மாப்பிள்ளை கூரையைத் திறந்துவிட்டு அவரை முந்திக்கொண்டு போவான். இதை யோசித்தாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன், அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். பழையதை வைத்துக்கொள். பிரேக் ஒயிலை மாற்று. டயரில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். நாங்கள் இருவரும் டோர்ச் அடித்துப் பார்த்தோம். 1412. 2012ஆம் ஆண்டு டயர்! பட்டன் புதுசு போல இருக்கிறது, றப்பர் கல்லாகிவிட்டது. அதோடுதான் இவ்வளவு நாளும் மழையில் கொஸ்லந்தைக்கு இறங்கியிருக்கிறான். நாலு டயரும் பிரேக் வேலையும் லீசிங் முற்பணத்தில் ஒரு மூலைக்கும் வராது. குடும்பமானதும் இரண்டு சீட் போதவில்லை என்றால், உன் உழைப்பில் நாலு கதவுக் கார் எடு.

சனிக்கிழமை கராஜில் விட்டிருக்கிறான். லொறி விஷயம்தான் முடியவில்லை. "பேசினது பேசினதுதான்" என்று அவன் வாப்பா நிற்கிறார். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். என்னை விட வயதில் மூத்த நானாமார் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது. வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.