காத்தாராம், யாரை?

2023 டிசம்பர் 31, ராத்திரி பதினொன்றே முக்கால். டவுன் கோயிலில் புதுவருஷ ஆராதனை. புதுச்சேலை, புதுச்சட்டை வாசனை. ஐயரு மைக்கைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகப் பேசுகிறார். இந்த வருஷத்தை நம்மோடு தொடங்கின எத்தனையோ பேர் இன்றைக்கு இல்லையாம். நம்மைவிடப் பணக்காரர்கள், படித்தவர்கள், பலசாலிகள் எல்லாம் போய்விட்டார்களாம். நம்மை மட்டும் கர்த்தர் உயிரோடே காத்து நிறுத்தியிருக்கிறாராம். சபை முழுக்க 'ஸ்தோத்திரம்' என்றது. கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு வாய் வரவில்லை. இருபது நாளைக்கு முன்னாடிதான் எங்கம்மாவை முழங்கால் தண்ணியில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தேன்.

இந்தக் 'காத்தார்' என்கிற ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை. தமிழ்நாட்டில் சபைகளில் வளர்ந்த யாருக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்லை. வருஷாவருஷம் இதே ராத்திரி, இதே வார்த்தை, அப்புறம் வாக்குத்தத்தச் சீட்டு, கேக்கு, கைகுலுக்கல். நானும் முப்பது வருஷம் ஸ்தோத்திரம் சொன்னவன்தான். சாவு நம்ம வீட்டுக்குள் வந்தபிறகுதான் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று காதில் விழுந்தது.

எங்கம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். வயசான பிறகு நூறு நாள் வேலைக்குப் போனாள். எழுத்து தெரியாது. வேதப்புத்தகத்தில் பாதியைக் காதாலேயே படித்தவள். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிப் பாசனத்து ஊர் எங்களது. ஊரு மேட்டில், காலனி பள்ளத்தில். இது பூமியின் அமைப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எவன் எங்க குடியிருக்கணும்னு முடிவு பண்ணினவன் பண்ணிவைத்த அமைப்பு அது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. நாலு நாள் வீட்டுக்குள்ள தண்ணி. கட்டில்மேல பெஞ்சைப் போட்டு அம்மாவை உட்கார வச்சோம். அதுக்குள்ள காய்ச்சல் கண்டுடுச்சு. எலிக்காய்ச்சலா இருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வர்றதுக்குள்ள, பத்தாம் தேதி விடியக்காலையில போயிட்டா.

டவுன் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டோம். அது மேடான இடம், சுற்றுச்சுவர் உண்டு. 'அது டவுன் சபைக்காரங்களுக்கு, கிராமச் சபைக்குக் கிராமத்துலயே பாத்துக்குங்க' என்றது கமிட்டி. நாற்பது வருஷம் அம்மா கட்டின சந்தா டவுனுக்குச் சேர்ந்தது. அறுப்பின் பண்டிகைக்கு அவள் தலையில் சுமந்துபோன நெல்லும் பூசணிக்காயும் டவுனுக்குச் சேர்ந்தது. அவள் பிணம் மட்டும் சேராது.

சரி, எங்க இடுகாட்டுக்கே போகலாம் என்றால் அது ஏரி ஓரம். ஊர்த்தெரு வழியாகப் போனால் தார்ரோடு, பத்து நிமிஷம். ஆனால் எங்க பெட்டி அந்தத் தெருவில் எந்தக் காலத்திலும் போனதில்லை. பெரியவங்க ரெண்டு பேர் போய்க் கேட்டாங்க: 'வெள்ளமா இருக்குதுங்க, இந்த ஒரு வாட்டி மட்டும்.' 'ஒரு வாட்டி விட்டா அதுவே வழக்கமாயிடும்' என்று பதில் வந்தது. வரப்புமேல தண்ணியில தூக்கிட்டுப் போனோம். ஒரு இடத்துல சின்னம்மா மகனுக்குக் கால் வழுக்கி, பெட்டி ஒரு பக்கமாச் சாய்ஞ்சுது. உள்ள அம்மா உருண்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இன்னைக்கும் கேக்குது.

ஐயரு வந்தார். வரப்பு முனையிலேயே நின்று ஜெபம் பண்ணினார். கர்த்தர் தமக்குச் சித்தமான நேரத்தில் அழைத்துக்கொண்டார் என்றார். எங்களைப் பள்ளத்தில் வைத்தவன், தண்ணி வெளியேற வழி பண்ணாதவன், தெருவை மறித்தவன் ஒருத்தன்கூட அந்த ஜெபத்தில் வரவில்லை. எல்லாப் பழியும் கர்த்தர் தலையில். அடுத்த வாரம் அம்மா பேரில் இருந்த ரேஷன் அட்டைக்கு வெள்ள நிவாரணம் ஆறாயிரம் வந்தது. பெட்டி வாங்கின கடனுக்குச் சரியாகப் போனது.

இப்போது அந்த ராத்திரிக் கணக்குக்கு வருவோம். செத்தவர்களை எண்ணிக்காட்டி இருப்பவர்களைச் சந்தோஷப்படுத்துகிற கணக்கு அது. நான் காக்கப்பட்டேன் என்றால் எங்கம்மா கைவிடப்பட்டாளா? கேட்டால், 'இல்லப்பா, அவங்க நித்திய இளைப்பாறுதலுக்குப் போயிட்டாங்க' என்பார்கள். அப்படியானால் இளைப்பாறாமல் இங்கே கிடப்பதற்கு எதற்கு ஸ்தோத்திரம்? ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா.

என் பாட்டனுக்குப் பாட்டன் இந்த மதத்துக்கு ஏன் வந்தான்? 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தவர்களைக் கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். ஆமாம், கஞ்சி ஊற்றினவன் பக்கம்தான் போனான். தானியத்தைப் பூட்டிவைத்தவன் பக்கமா போவான்? ஆனால் கஞ்சியோடு இன்னொன்றும் கிடைத்தது. நீ படுகிற பாடு நீ முன்ஜென்மத்தில் செய்த வினை அல்ல என்கிற சேதி. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் செய்யவில்லை, அவன் பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதான் இயேசு சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்றார். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், வசதியான வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து தலித் குடியிருப்பின்மேல் விழுந்தது. பதினேழு பேர் தூக்கத்திலேயே நசுங்கிச் செத்தார்கள். அந்த மாசக் கடைசி ராத்திரியிலும் நம் சபைகளில் இதே ஸ்தோத்திரம்தான். நடூரில் இருந்தவர்களைக் காக்கவில்லை, நம்மைக் காத்தார் என்றால் என்ன பொருள்? கர்மவினையை விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தோம். அது அங்கி மாட்டிக்கொண்டு 'ஆசீர்வாதம்' என்ற பேரில் நமக்கு முன்னாலேயே வந்து பிரசங்க மேடையில் உட்கார்ந்துவிட்டது. நல்லா இருக்கிறவன் தேவனுக்குப் பிரியமானவன், கெட்டுப்போனவன் ஏதோ குறை உள்ளவன் என்றால், மனுவுக்கும் இதற்கும் எத்தனை முழ தூரம்?

அதே ராத்திரி பன்னிரண்டு அடிக்கும் முன் இன்னொரு ஜெபமும் நடந்தது. இஸ்ரவேலுக்காக. தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறதாம், தெரிந்துகொள்ளப்பட்ட ஜனத்தைக் கர்த்தர் காக்கிறாராம். 1948-இல் உண்டான ஓர் அரசையும் வேதப்புத்தகத்தில் வருகிற ஜனத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எத்தனை வருஷமாக நமக்கு ஊட்டியிருக்கிறார்கள்! அந்த ராத்திரிக்குள் காஸாவில் செத்தவர்கள் 21,000-க்கு மேல் என்று அங்குள்ள சுகாதாரத் துறை எண்ணியிருந்தது. எருசலேம் சபைத் தலைவர்கள் அந்த வருஷம் கொண்டாட்டம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெத்லகேமில் லுத்தரன் கிறிஸ்துமஸ் கோயிலில் போதகர் முன்தர் ஐசக், மாட்டுத் தொழுவத்துக்குப் பதிலாகக் கான்கிரீட் இடிபாடுகளைக் குவித்து, பாலஸ்தீனத் துண்டில் சுற்றிய குழந்தையை அதன் நடுவில் வைத்திருந்தார். காஸாவின் திருக்குடும்பக் கோயில் வளாகத்தில் டிசம்பர் 16 அன்று ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருத்தியை இன்னொருத்தி பத்திரமான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முயன்றபோது அவளும் சுடப்பட்டாள் என்று எருசலேம் லத்தீன் சபைத் தலைமை சொன்னது. இஸ்ரேல் ராணுவம் அதை ஏற்கவில்லை.

தூக்கிக்கொண்டு போனாள் என்று படித்த இடத்தில் நான் நின்றுபோனேன். அவர்களும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனவர்கள்தானே. கோயிலுக்குள்ளேயே இருந்தவர்கள்தானே. அவர்களை ஏன் காக்கவில்லை? 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 250 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களையும் எண்ணாதவன் துக்கம் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் ஒரு சாவைக் காட்டி இருபதாயிரம் சாவை நியாயப்படுத்துகிறவனுக்கு, அவன் எந்தச் சாவுக்கும் அழவில்லை என்றுதான் பெயர். 2009 டிசம்பரில் பாலஸ்தீனக் கிறித்தவர்கள் பெத்லகேமிலிருந்து 'கைரோஸ் பாலஸ்தீனம்' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். ஆக்கிரமிப்பைப் பாவம் என்றே அதில் சொன்னார்கள். வருஷாவருஷம் புனித பூமிக்கு ஆள் கூட்டிப்போகிற நம் போதகர்களில் எத்தனை பேர் அதைச் சபையில் வாசித்தார்கள்?

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: காஸாவுக்கு அழ உலகமே இருக்கிறது, உங்கம்மாவுக்கு அழ யார் இருக்கிறார்கள்? நியாயமான கேள்விதான். சென்னையில் காஸாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றின ஒரு கூட்டத்தில் நானும் நின்றேன். பேசி முடித்து இறங்கின ஒருவரிடம் எங்கள் ஊர்த்தெரு விஷயத்தைச் சொன்னேன். 'அது லோக்கல் பிரச்சினைங்க' என்றார். பெத்லகேமும் ஒரு காலத்தில் லோக்கல்தான் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தேன். தூரத்துப் பிணத்துக்கு மட்டும் அழத் தெரிந்த முற்போக்கும், பக்கத்துப் பிணத்துக்கு மட்டும் அழு என்கிற நம்ம கோபமும் ரெண்டுமே எனக்குப் போதவில்லை. வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது 1968 டிசம்பர் 25 ராத்திரி. கிறிஸ்துமஸ் ராத்திரி. நம் சபைகளின் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் எத்தனை முறை வெண்மணி வந்திருக்கிறது? வெண்மணியை மறக்க வைத்த அதே வேதபாடம்தான் காஸாவையும் மறக்க வைக்கிறது. செத்தவன் காக்கப்படாதவன், அவனைப் பற்றி நமக்கென்ன என்கிற பாடம்.

அரசாங்கத்துக்கும் இதே கணக்குதான். கிறித்தவனானால் நீ பட்டியல் ஜாதி இல்லை என்கிறது 1950-ஆம் வருஷத்து ஆணை. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கி ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவர் வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின்மீது செய்கிற மோசடி என்று 2024 நவம்பர் 26-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. எங்கம்மா பெட்டியை மறித்தவன் இந்த ஆணையைப் படித்துவிட்டா மறித்தான்? பெட்டிமேல் சிலுவை இருந்தது. அவன் கண்ணுக்குப் பறச்சேரிதான் தெரிந்தது.

'அப்ப எதுக்கு இன்னும் கோயிலுக்குப் போற?' என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸ் கதையிலேயே நம் ஐயருங்க வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு இடம் இருக்கிறது. ஏரோது பெத்லகேமில் ரெண்டு வயசுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகளை வெட்டிப்போடுகிறான். மத்தேயு அங்கே ஆறுதல் எதுவும் எழுதவில்லை. பிள்ளைகளுக்காக அழுகிற ராகேல் தேறுதலே வேண்டாம் என்கிறாள், அவ்வளவுதான். தேறுதல் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்று இந்த வேதம் ஒத்துக்கொள்கிறது. அதனால்தான் நான் இன்னும் உள்ளே இருக்கிறேன்.

எங்கம்மாவும் அதைச் செய்தவள்தான். வருஷக் கடைசி ஆராதனையில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது அவள் உதடு வேறெதையோ முணுமுணுக்கும். சின்ன வயசில் என்னவென்று கேட்டேன். 'இந்த வருஷம் நம்ம தெருவுல போனவங்கடா. நாமளும் சொல்லலன்னா யாரு சொல்லுவா' என்றாள்.

2024 டிசம்பர் 31 அன்று டவுன் கோயிலுக்குப் போகவில்லை. காலனியில் தகரக் கொட்டகை ஜெபவீட்டில் கூடினோம். அந்த வருஷம் செத்தவர்கள் ஏழு பேர். பேர் சொன்னோம். எப்படிச் செத்தார்கள், யார் காரணம், எந்த வழியாகத் தூக்கிப் போனோம் என்பதையும் சொன்னோம். பிறகு காஸா. அந்த மாசம் எண்ணிக்கை 45,000-ஐத் தாண்டியிருந்தது. பேர் தெரியாததால் எண்ணிக்கையைச் சொன்னோம். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோது அது 67,000-ஐத் தாண்டியிருந்தது.

சேதி டவுனுக்குப் போய், ஐயரு கூப்பிட்டனுப்பினார். 'தம்பி, புதுவருஷம் பொறக்கிற நேரத்துல சாவுக் கணக்கு எதுக்கு? ஜனங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாமா?' என்றார்.

'ஊர்த்தெருவுல வழி கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கோம் ஐயா. சபை சார்பா நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம் ஆறுதல் சொல்லுங்க' என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். மனு என்னிடம்தான் இருக்கிறது. அவர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது.