நீலத்திரையும் வழுவமைதியும்

திருச்சி கே.கே. நகர்த் தட்டச்சு நிலையமொன்றில் கணினி நீலத்திரை காட்டி நின்றபோது, ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வேடே அழிந்ததெனக் கலங்கியதைக் கண்டேன். மறுதொடக்கத்திற்குப்பின் கோப்பு இருந்தது. சேமிக்காத பத்திகளே மறைந்திருந்தன. 'ஃபேட்டல் எரர்' என்பதை 'ஆபத்தான பிழை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவ்வச்சமே மிகும், பொருள் விளங்காது.

வழுவையும் வழுவமைதியையும் பிரித்தறிந்தது நம் இலக்கண மரபு. செயலியொன்று பிழைபட்டால் இயங்குதளம் அதனை மட்டும் மூடிவிட்டுத் தொடர்ந்து இயங்கும். இது வழுவமைதிக்கு ஒப்பாகும். இயங்குதளத்தின் கருவகத்தில் நேரும் பிழையை அவ்வாறு அமைத்துக்கொள்ள இயலாது. மேலும் இயங்கின் தரவு சிதையுமென்பதால் இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதுற்ற இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றதும், இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதப்பட்டதும் இதனாலேயே. அம்மென்பொருள் கருவக மட்டத்தில் இயங்கியது.

எனவே, வினைத்தொகையாக அமையும் 'நிறுத்துவழு' என்னும் சொல்லை முன்மொழிகிறேன். நிகழ்ந்தது இன்னதென அச்சொல்லே உணர்த்தும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழ்த்துறைகள் ஆங்கிலச் சொல்லைப் பெயர்ப்பதற்குமுன் அது சுட்டும் இயக்கத்தை ஆராய்தல் வேண்டும்.