கல்யாண் மாணவரும் கட்டுரை வகுப்பும்

தமிழகத்திலிருந்து மும்பைக்குச் செல்லும் தொடர்வண்டிகள் பலவும் கல்யாண் சந்திப்பைக் கடந்தே செல்கின்றன. அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் செவிவழி மொழி. மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ பயின்ற அவர்கள், கைபேசியில் தமிழை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் 'மனம்', 'மணம்' என்பனவும் 'அரம்', 'அறம்' என்பனவும் வேறுபாடிழந்து நிற்கின்றன. கணினியே தமிழைக் கெடுத்தது என்பார் கூற்று இங்குப் பொருந்தாது. கெடுத்தது கருவியன்று, அக்கருவியில் தமிழ் எழுதக் கற்பிக்காத கல்லூரி.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாட்டின் வழி உருவான தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு அவ்வாண்டிலேயே ஏற்றது. அதில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ககரத்தை அடுத்து ஆகாரத்தை அழுத்தினால் 'கா' தோன்றும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதலதற்குப் புள்ளி தானே அமையும். நகரத்தை அடுத்துத் தகரம் வரின் 'ந்த' ஆகும். உயிர்மெய் ஆக்கமும் இனவெழுத்து உறவும் விரல்வழியே பயிலப்படுகின்றன. எழுத்ததிகாரத்தை இதனினும் எளிதாகக் கல்யாண் மாணவருக்குக் கற்பிக்கும் வழி யாது? உரோமன் வழி ஒலிபெயர்ப்பு முறையே எளிதென்பர். ஆங்கிலம் அறிந்தார்க்கு அது எளிதுதான். ஆயின் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்தில் எண்ணுமாறு அது பழக்குகிறது.

தமிழ்த்துறைகளோ 'கணினித்தமிழ்' என்றொரு தாளை வைத்து, குறியாக்க வரலாற்றை மனப்பாடம் செய்வித்து, விடையைப் பேனாவால் எழுதச் செய்கின்றன. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பது போன்றது இது! கட்டுரை வகுப்பு பழைய நிலையிலேயே உள்ளது. சிவப்பு மையால் திருத்திய தாள் மாணவரிடம் திரும்புகிறது. அவர் அதனை மடித்து வைத்துவிடுகிறார். கணினியில் அதே கட்டுரையைப் பத்தி மாற்றி, சொல் நீக்கி, மீண்டும் எழுதலாம். கல்யாணிலிருந்து மதுரைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பிறிதொரு மாணவரின் மறுப்பையும் பெறலாம்.

செயற்கை நுண்ணறிவு கட்டுரை முழுவதையும் எழுதித் தரும் இந்நாளில் கணினியை வகுப்பினின்று விலக்கவேண்டும் என்போரும் உளர். வீட்டில் எழுதிவரும் இறுதிப்படியை மட்டும் மதிப்பிடும் ஆசிரியர்க்கே அவ்வச்சம் பொருந்தும். முதல் வரைவு, திருத்தம், மறுவரைவு ஆகியவற்றை வகுப்பிலேயே உடனிருந்து காணும் ஆசிரியர், எழுதியவர் யாரென அறிவார்.