"புது நம்பரா? எடுக்காதே!" இந்த நிலைமைக்கு யார் பொறுப்பு?

காலை பத்து மணி. அடுப்பில் குழம்பு கொதிக்குது. போன் அடிக்குது. கையைத் துடைச்சுட்டு ஓடி வந்து எடுத்தா, "வணக்கம் மேடம், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு." வேண்டாம்னு வச்சா, அரை மணி நேரத்தில் அதே குரல், வேற நம்பர். மதியம் கிரெடிட் கார்டு. சாயங்காலம் செங்கல்பட்டு பக்கம் பிளாட். ராத்திரி ஒரு பதிவுக் குரல்: "உங்கள் சிம் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்."

எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே என்று சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா இதனால் என்ன ஆகியிருக்கு பாருங்க. மக்கள் புது நம்பரை எடுப்பதையே விட்டுட்டாங்க. "தெரியாத நம்பர்னா எடுக்காதீங்கம்மா" என்று பிள்ளைகளே பெற்றோருக்குச் சொல்லி வச்சிருக்காங்க. கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி நாளைச் சொல்லக் கூப்பிட்டால், அதுவும் புது நம்பர்தான். ரத்தம் தேடி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் கூப்பிட்டாலும் புது நம்பர்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளை மயங்கி விழுந்தால் டீச்சர் தன் சொந்த போனில் இருந்துதான் வீட்டுக்கு அடிப்பார். எடுக்காமல் போகும் அந்த ஒரு அழைப்புதான் இந்தத் தொல்லையின் உண்மையான விலை. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுவது நாம். போனைப் பார்த்துப் பயப்படுவதும் நாமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கு. "விளம்பர அழைப்பு வேண்டாம்" என்று பதிவு செய்யும் பட்டியல் 2007-லேயே வந்துவிட்டது. 2010-ல் ஒரு விதிமுறை, 2018-ல் இன்னொரு விதிமுறை, 2025 பிப்ரவரியில் அதற்கும் ஒரு திருத்தம். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண், வங்கி தன் வாடிக்கையாளரிடம் கணக்கு விஷயமாகப் பேச 1600 என்று தொடங்கும் எண். இந்த எண்களைத்தான் பயன்படுத்தணும் என்று ரிசர்வ் வங்கியும் 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது.

அப்புறம் ஏன் தொல்லை ஓயவில்லை? பதிவு செய்த நிறுவனம்தான் அந்தப் பட்டியலைப் பார்க்கும். நம்மைத் துரத்துகிறவர்கள் பதிவே செய்யாதவர்கள். ஒரு பை நிறைய சிம் வாங்கி, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்றை பிளாக் பண்ணினால் அடுத்தது. 2024 ஆகஸ்டில் டிராய் கொஞ்சம் கடுமை காட்டியது. சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் போயின. நல்ல வேலை. அப்படியென்றால் அதற்கு முன்னால் இத்தனை வருஷம் ஏன் முடியவில்லை என்ற கேள்வியும் வருகிறது.

திரையில் தெரியும் எண்ணையாவது நம்பலாமா? அதுவும் முடியாது. தபால் கவரில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்க்க மாட்டார். அதுபோல, அழைப்பு புறப்படும் இடத்தில் எந்த எண்ணை ஒட்டி அனுப்புகிறார்களோ அதுதான் நம் திரையில் வரும். இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, +91 என்று நம் ஊர் எண்ணைக் காட்டுவது இப்படித்தான். இதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் பிடிபட்ட போலி அழைப்புகள் 1.35 கோடி! "டிஜிட்டல் கைது" என்று சொல்லி, ஓய்வூதியப் பணத்தை உருவிய கும்பல்களுக்கு இந்த ஓட்டை எவ்வளவு வசதியாக இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. உங்கள் எண்ணையே ஒருவன் ஒட்டிக் கூப்பிட்டால், திட்டு வாங்குவது நீங்கள்.

இப்போது பெயரே திரையில் தெரியும் என்கிறார்கள். சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயரை, அழைப்பு வரும்போது காட்டலாம் என்று டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ட்ரூகாலர் என்ற ஸ்வீடன் நாட்டு நிறுவனம், அடுத்தவர் போனில் நம் பெயர் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதை வைத்துக் காட்டுகிறது. "லோன் சேட்டு", "பால்காரர் புதுசு" என்றெல்லாம் வரும். அதைவிட ஆவணப் பெயர் நல்லதுதான். வரவேற்கிறோம். ஆனால் இரண்டு விஷயத்தை யோசிக்கணும்.

நம் வீடுகளில் யார் சிம் யார் பெயரில் இருக்கு? அம்மா போன் அப்பா பெயரில், தாத்தா போன் பேரன் பெயரில். மோசடிக்காரன் கையில் இருக்கும் சிம்மோ, நூறு ரூபாய்க்கு ஆதார் நகல் கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி பெயரில் இருக்கும். திரையில் பெயர் வந்துவிட்டதே என்று நம்பி ஏமாறுவதும் நடக்கும். போலீஸ் தேடிப் போகும்போது மாட்டுவது அந்தத் தொழிலாளிதான். இன்னொன்று பெண்கள். பார்சல் கொடுக்கப் போகும் பெண், வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பெண், முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டால் அவர் முழுப் பெயர் அந்த ஆள் போனில் நிற்கும். எண்ணை மறைக்கத் தனி வசதி வாங்கியவர்களுக்கு மட்டும் பெயரும் மறையும் என்கிறது பரிந்துரை. சாதாரணப் பெண் தொழிலாளிக்கு அந்த வசதி எங்கே கிடைக்கப் போகுது? பெயருக்குப் பதிலாக வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் தெரியட்டும் என்று கேட்கிறோம்.

யாரைப் பிடிக்கணும் என்பதிலும் தெளிவு வேணும். போனில் பேசும் அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று கணக்கு வைத்து, சொற்பச் சம்பளத்துக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். யாருடைய கடன் விற்கப்படுகிறது, யாருடைய பிளாட் விற்கப்படுகிறது? அபராதம் அங்கே போகணும். "அது ஏஜென்ட் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை ஏற்கவே கூடாது. நம் எண்ணை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும் கடமையும் அவர்களுக்கு வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் வெளிவந்ததோ 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம்! அதுவரைக்கும் நம் எண் சந்தைப் பொருள்தானா?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடணும். தேர்தல் வந்தால் கட்சிகளும் இதையேதான் செய்கின்றன. தலைவர் குரலைப் பதிவு செய்து, தூங்குகிறவரையும் எழுப்பி ஓட்டுக் கேட்கிறோம். பதிவுக் குரலுக்குத் தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆனால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை வாக்காளருக்குச் சரியாக இல்லை. அந்த உரிமை வரணும், எல்லாக் கட்சிக்கும் சேர்த்தே வரணும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். தொல்லை அழைப்பு வந்தால் 1909-க்குப் புகார் அனுப்புங்கள். முன்பு 3 நாள்தான் அவகாசம், இப்போது 7 நாள். பதிவு செய்யாத எண் பற்றிப் புகார் சொல்ல, நீங்கள் முன்கூட்டியே பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டியதும் இல்லை. 10 நாளில் 5 பேர் புகார் சொன்னாலே அந்த எண் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது புதிய விதி. அதனால் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து அனுப்புங்கள். போலீஸ், சிபிஐ என்று மிரட்டும் மோசடி அழைப்பென்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் "சக்ஷு" பகுதியில் தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே 1930. இந்த இரண்டு எண்ணையும் இன்றைக்கே உங்கள் அம்மா, அப்பா போனில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்.