அண்ணன் குரலா... ஆண்டவர் குரலா?

சண்டே ஸ்கூல் போன எல்லாருக்கும் சாமுவேல் கதை மனப்பாடம். ராத்திரி நேரம். ஆலயத்துல ஒரு குட்டிப் பையன் படுத்திருக்கான். யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. பையன் எழுந்து, வயசான ஆசாரியர் ஏலிகிட்ட ஓடுறான். 'கூப்பிட்டீங்களா?' 'இல்லப்பா, போய்ப் படு.' மூணு தடவை இப்படியே. மூணாவது தடவைதான் ஏலிக்குப் புரியுது, கூப்பிடுறது கடவுள்னு. வெள்ளை அங்கி, கூப்பிய கை, மேலேர்ந்து வெளிச்சம்... காலண்டர்ல பார்த்திருப்பீங்க. அதோட பெல் அடிச்சு, மிட்டாய் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

இந்தக் கதைக்கு ஒரு ரெண்டாம் பாதி இருக்குன்னு இருபது வயசு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. அது தெரியவந்ததுக்குக் காரணம் எங்க அண்ணன்.

கூடப் பிறந்த அண்ணன் இல்ல. காலேஜ் ஜெபக்குழுன்னு ஒண்ணு இருந்தா, அங்க 'அண்ணன்'னு ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். நமக்கு நாலஞ்சு வருஷம் சீனியர். கிட்டார் வாசிப்பார். யாருக்கு எந்தப் பேப்பர்ல அரியர்னு தெரியும், யார் வீட்ல என்ன பிரச்னைன்னும் தெரியும். (நீங்க கிறிஸ்தவரா இல்லைன்னா பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்களுக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பாங்க. கோச்சா இருக்கலாம், புரொஃபசரா இருக்கலாம், கட்சிக்காரரா இருக்கலாம்.)

பாளையங்கோட்டையில பி.எஸ்ஸி. கணக்கு சேர்ந்தப்போ, கூட்டத்தைப் பார்த்தாலே வியர்க்கிற பொண்ணு நான். என்னை மேடையேத்திப் பேச வெச்சது அண்ணன். பென்சிலும் கையுமா, கேள்வி கேட்டுக்கிட்டே பைபிள் படிக்கச் சொல்லிக் குடுத்ததும் அவர்தான். ஆச்சி செத்த அன்னிக்கு மூணு பஸ் மாறி எங்க ஊருக்கு வந்தார். இதையெல்லாம் முதல்லயே எழுதிடறேன். பின்னாடி வரப்போறதைப் படிச்சிட்டு, அவரை வெறும் வேஷக்காரர்னு நீங்க முடிவு கட்டிடக்கூடாது.

செகண்ட் இயர்ல எனக்கு ஒரு 'தரிசனம்' வந்தது. டிகிரி முடிச்சதும் ஜார்க்கண்ட்ல, மலைக்கிராமத்துல இருக்கிற ஒரு மிஷன் ஸ்கூலுக்குக் கணக்கு டீச்சரா போறது. வீட்ல சொன்னேன். அம்மா அழுதாங்க. அப்பா மளிகைக்கடை கல்லாவுல உக்காந்துக்கிட்டே கேட்டார்: “ஏட்டி, இங்க உள்ள புள்ளைங்களுக்கு கணக்கு வேண்டாமாக்கும்?”

என்கிட்ட பதில் இல்ல. அண்ணன்கிட்ட இருந்தது. வீட்டுக்கே வந்து அப்பாகிட்ட ரெண்டு மணி நேரம் பேசினார். 'கர்த்தர் கூப்பிட்டா நாம தடுக்கலாமா மாமா?' அப்பா அரை மனசா தலையாட்டினார். ஆக, என் எதிர்காலத் திட்டம் மொத்தமும் அண்ணன் தோள்மேல ஏறி உக்காந்திருந்தது. அப்போ அது எனக்கு உறைக்கல.

ஃபைனல் இயர் டிசம்பர்ல அந்த ஸ்கூலை நேர்ல பார்க்கப் போறதா ஏற்பாடு. பதினாலு பேர். மாசாமாசம் ஐம்பது, நூறுன்னு பசங்க குடுத்தாங்க. மஞ்சள் அட்டை நோட்டுல கணக்கு எழுதினது நான், பணம் அண்ணன்கிட்ட. மொத்தம் 46,000 ரூபாய் சேர்ந்தது. அக்டோபர் போச்சு, நவம்பர் போச்சு. ரயில் டிக்கெட் மட்டும் வரவேயில்ல. 'அண்ணா, டிக்கெட்?'னு கேட்டப்போ முதல்ல சிரிச்சார். அப்புறம் அழுதார். ஏதோ கடன், வட்டி. பணத்தை அதுல போட்டுட்டாராம், திருப்பி வெச்சிடுவாராம். 'நமக்குள்ள இருக்கட்டும்மா, வெளிய தெரிஞ்சா ஊழியத்துக்கு இடறல் வந்துரும்'னார். ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம்.

நானும் வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு மாசம்!

ஏன்னு நேர்மையா சொல்லணும்ல. அண்ணன்மேல உள்ள பாசம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அப்பா. 'நான் அப்பவே சொன்னேன்லா'ன்னு அவர் சொல்லப் போறதை நினைச்சாலே வயிறு கலங்கிச்சு. அண்ணன் விழுந்தா ஜார்க்கண்ட்டும் விழும். அவரைக் காப்பாத்தறேன்னு நினைச்சுக்கிட்டு என் பிளானைத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்.

அந்த ரெண்டு மாசமும் ஜெபமே வரல. கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்து, ஐயர் செய்தி குடுக்கும்போது ஃபேன் சுத்துறதை எண்ணிக்கிட்டிருந்தேன். அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா பைபிளைப் புரட்டினப்போ கண்ணுல பட்டது ஒண்ணு சாமுவேல் மூணாம் அதிகாரம். அந்த ராத்திரி கடவுள் சாமுவேல்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'நீ பெரிய ஆளா வருவே'ன்னு இல்ல. ஏலியோட குடும்பத்துக்கு வரப்போற தண்டனையைத்தான் சொல்றார். ஏலியோட பசங்க, பலி செலுத்த வர்ற ஜனங்ககிட்ட இறைச்சியை மிரட்டிப் பிடுங்கினவங்க. ஏலிக்கு அது தெரியும். வாயால கண்டிச்சார், கையால தடுக்கல. சின்னப் பையனோட காதுல விழுந்த முதல் செய்தியே அவனை வளர்த்தவருக்கு எதிரானது!

விடியற வரைக்கும் படுத்தே கிடக்கான். எழுந்து ஆலயக் கதவைத் திறக்கான். சொல்ல பயப்படுறான். ஏலிதான், 'ஒண்ணையும் மறைக்காதே'ன்னு கட்டாயப்படுத்திக் கேக்கார். பையன் எல்லாத்தையும் சொல்லிடுறான். ஏலி அதை ஏத்துக்கறார்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? அந்தக் குரலுக்கு எப்படிப் பதில் சொல்லணும்னு சாமுவேலுக்குச் சொல்லிக் குடுத்ததும் அதே ஏலிதான். அந்த விஷயத்துல அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

சாமுவேல் ஆண்டவர் குரலைக் கேட்டுட்டு ஏலின்னு நினைச்சான். நான் அண்ணன் குரலைக் கேட்டுட்டு ஆண்டவர்னு நினைச்சிருக்கேன்.

ஜனவரியில அண்ணன் புதுசா ஒரு காணிக்கை அறிவிச்சார். ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி, ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த இருநூறு ரூபாயை நீட்டறா. நான் நோட்டைத் திறக்கல. அன்னிக்கு சாயந்திரமே ஃப்ரெண்ட் ஒருத்தியைக் கூட்டிக்கிட்டு, எங்க குழுவோட ஆலோசகரான ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போய், அந்த மஞ்சள் நோட்டை மேஜைமேல வெச்சேன்.

அதுக்கப்புறம் நடந்த பஞ்சாயத்தை ரொம்ப இழுக்கல. அண்ணன் பொறுப்புலேர்ந்து விலகினார். 20,000 உடனே வந்தது. மீதி மாசம் 2,000-னு வந்துக்கிட்டிருக்கு. கஷ்டமா இருந்தது குழுவுல கேட்ட பேச்சுதான். 'அபிஷேகம் பெற்றவங்களைத் தொடலாமா?'ன்னு 105-ஆம் சங்கீதத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. உக்காந்து முழுசா வாசிச்சுப் பார்த்தேன். ஊர் ஊரா அலைஞ்ச ஒரு சின்னக் கூட்டத்துக்குத் தீங்கு பண்ணாதீங்கன்னு ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. கணக்கு கேக்காதேன்னு எங்கயும் இல்ல! தாவீது ராஜாவையே நாத்தான் முகத்துக்கு நேரா கேக்கலியா? அந்தியோகியாவுல பேதுருவை பவுல் எல்லாருக்கும் முன்னாடி கண்டிக்கலியா?

'சும்மா இரு'ன்னு சொல்றதால என்ன ஆகும்கிறதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. ரவி சக்கரியாஸ். 1946-ல நம்ம சென்னையில பிறந்து, டெல்லியில வளர்ந்து, கனடா போய், உலகம் பூரா யுனிவர்சிட்டிகள்ல ஸ்டூடண்ட்ஸ் கேக்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பேச்சாளர். ஹாஸ்டல்ல எத்தனை ராத்திரி அவர் வீடியோ பார்த்திருக்கோம்! கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மேல சொன்ன புகார் 2017-லயே வெளிய வந்தது. அவரோ அந்தப் பெண்மேலயும் கணவர்மேலயும் கேஸ் போட்டார். அமைப்பும் அவர் பக்கமே நின்னது. 2020 மே மாசம் அவர் இறந்தார், புகழாரம் குவிஞ்சது. 2021 பிப்ரவரியில, அவரோட அமைப்பே நியமிச்ச சட்ட நிறுவனம் விசாரிச்சு அறிக்கை குடுத்தது. மசாஜ் தெரபிஸ்ட் பெண்கள் பலர்கிட்ட அவர் பல வருஷமா பாலியல் ரீதியா நடந்துகொண்ட விதம் வெளிய வந்தது. அந்தக் கனடாப் பெண் சொன்னது உண்மைன்னு நம்பறோம்னு அமைப்பு அப்புறம்தான் மன்னிப்புக் கேட்டது. நடுவுல போன அத்தனை வருஷத்துக்கு யார் பதில் சொல்றது?

எங்க அண்ணன் பண்ணினதையும் அதையும் ஒரே தராசுல வைக்கல. ரெண்டும் வேற வேற. ஆனா 'ஊழியத்துக்கு இடறல்'ங்கிற அந்த வார்த்தை ரெண்டு இடத்துலயும் ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்கு. சக்கரியாஸோட புத்தகம் ஒண்ணு என்கிட்ட இருக்கு, அண்ணன் பர்த்டேக்குக் குடுத்தது. அதைத் தூக்கிப் போடல, அலமாரிக்கு மேல கிடக்கு. தூக்கிப் போட்டவங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அந்தப் பெண்களோட இடத்துலேர்ந்து பார்த்தா, அது வெறும் புத்தகம் இல்லியே.

சரி, நன்றியும் இருக்கணும், உண்மையும் சொல்லணும்னா எப்படிங்க? நான் பிடிச்சுக்கிட்டது எங்க பக்கத்து ஆள் ஒருத்தரை. வி.எஸ். அசரியா. வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்தவர். இந்திய மிஷனரி சங்கத்தை 1903-ல இதே பாளையங்கோட்டையில தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1910-ல எடின்பரோவுல உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பேர், ஆசியாவிலேர்ந்து போனவங்க இருபது பேர்கூட இல்ல. முப்பத்தஞ்சு வயசு அசரியா எழுந்து, தன்னை வளர்த்துப் படிக்க வெச்ச வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்தே பேசினார். அவங்க தியாகத்தை மனசாரப் புகழ்ந்தார். ஆனா எங்களை நண்பர்களா நடத்தலியேன்னும் சொன்னார். அரங்கத்துல சிலருக்கு அது கசந்தது. நன்றிக்காக உண்மையை அவர் முழுங்கல, கோபத்துல உறவை அறுத்துக்கவும் இல்ல. 1912-ல தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப்.

இப்போ என் கதைக்கு வரேன். அண்ணனை எடுத்துட்டா என் ஜார்க்கண்ட்ல மிச்சம் என்ன? பயந்துகிட்டேதான் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டேன். மேடையில பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கங்கிற ஆசை கொஞ்சம் இருந்தது. அண்ணன் பெருமைப்படணும்னு நிறையவே இருந்தது. அதையெல்லாம் கழிச்ச பிறகும் ஒண்ணு மட்டும் அப்படியே கிடந்தது: கணக்குன்னாலே மிரளுற ஒரு பிள்ளைக்கு, அது புரிஞ்ச நொடியில முகம் மாறுமே... அதைப் பார்க்கணும். அதுக்கு அண்ணன் காரணமில்ல.

நானே அந்த ஸ்கூலுக்கு ஃபோன் போட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பேசினாங்க. கேட்ட முதல் கேள்வி, 'பி.எட். இருக்கா?' ரெண்டாவது, 'ஹிந்தி தெரியுமா?' ரெண்டு வருஷமா பாரம், தரிசனம், அழைப்புன்னு ராத்திரி ராத்திரியா பேசியிருக்கோம். ஹிந்தி தெரியணும்னு ஒருத்தருக்கும் தோணலியே! அசரியாகூட தோர்ணக்கல் போனப்போ தெலுங்கு படிச்சார் பாஸ்.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பணம், அண்ணன், நான் மூடிமறைச்சது, ஒண்ணு விடல. 'நான் அப்பவே சொன்னேன்லா' வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். வரல. கல்லாவை மூடிட்டு, “அந்தப் பய சாப்பிட்டானாக்கும்? கடன்காரன் விரட்டுதான்னா எங்கிட்ட வந்துருக்கலாம்லா”ன்னார். அப்புறம், “பி.எட். ரெண்டு வருஷம்லா? முதல்ல அதப் படி. பொறவு பாப்போம்.”

ஃபார்ம் நிரப்பியாச்சு. ஹிந்தி கிளாஸ் வாரத்துக்கு மூணு நாள், பக்கத்துல உக்காந்திருக்கிறது ஆறாங்கிளாஸ் பையன். அவன் கையெழுத்து என்னுதைவிட நல்லா இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு சாமுவேல் கதை என் முறை. காலண்டர் படத்தோட நிறுத்தல, காலையில கதவைத் திறக்கிற வரைக்கும் சொன்னேன். ஏலிகிட்ட சொன்னதையும் சொன்னேன். ஒரு வாண்டு கை தூக்கினான்.

“அக்கா, அதுக்கு அப்புறமும் சாமுவேல் ஏலி தாத்தாகூட பேசுவானா?”

அண்ணன் நம்பர் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. ஜனவரிக்கு அப்புறம் நான் கூப்பிடல. அவரும் கூப்பிடல. மாசம் அஞ்சாம் தேதி 2,000 வந்த மெசேஜ் மட்டும் வரும்.

“பைபிள்ல அது எழுதலடா”ன்னேன்.

“நீங்கன்னா பேசுவீங்களா?”

பெல் அடிச்சிட்டாங்க. மிட்டாய் டப்பாவை எடுத்துக்கிட்டு எழுந்தேன்.